காலேஜ் போர்டின் ‘இரண்டாம் கேள்வி’ப் பொதி: கட்டுரை அலசக் கற்பவருக்கு எவ்வளவு உதவும்?

அமெரிக்காவின் காலேஜ் போர்டு பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வுகளில் ‘இங்கிலிஷ் லாங்குவேஜ் அண்ட் காம்போசிஷன்’ என்றொரு தாள் உண்டு. அதில் எழுதவேண்டிய மூன்று கட்டுரைகளில் இரண்டாவதுக்குப் பெயர் ரெட்டரிக்கல் அனாலிசிஸ். சுமார் 600 முதல் 800 சொற்கள் வரை ஒரு பேச்சோ கடிதமோ கட்டுரையோ தருவார்கள். அதில் சொல்லியிருப்பது சரியா தவறா என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆளைத் தன் பக்கம் இழுக்க எழுதியவர் என்னென்ன செய்திருக்கிறார், அவை எப்படி வேலை செய்கின்றன என்று அலச வேண்டும். அந்தத் தேர்வை எழுதாதவர்களும் நடுப்பக்கக் கட்டுரையையும் தலையங்கத்தையும் பிரித்துப் படிக்கப் பழக இந்த இரண்டாம் கேள்வியின் பழைய தாள்களை எடுத்துக்கொள்ளலாம். ஏ.பி. சென்ட்ரல் தளத்தில் கணக்கு தொடங்காமலே, காசு கொடுக்காமலே பிடிஎஃப்களாக அவை கிடக்கின்றன. ‘கிடக்கின்றன’ என்பதுதான் பொருத்தமான சொல். எதை முதலில் எடுப்பது, எதை விடுவது என்று தனியாகப் படிக்கிறவருக்கு எங்கும் வரிசைப்படுத்திச் சொல்லியிருக்காது. (ஏ.பி. கிளாஸ்ரூம் என்பது வேறு. அதில் பாட வீடியோக்கள் உண்டு. ஆனால் ஆசிரியர் வழியாகச் சேர்ந்த மாணவர்தான் உள்ளே போக முடியும். இங்கே பேசுவது திறந்துகிடக்கும் பொதியைப் பற்றி.)

பொதிக்குள் நான்கு வகைச் சரக்கு. அந்தந்த ஆண்டின் வினா, மதிப்பெண் வழிகாட்டி, தேர்வில் மாணவர்கள் எழுதிய மூன்று விடைகளும் அவற்றுக்கு ஏன் அந்த மதிப்பெண் என்ற குறிப்பும், கடைசியாகத் தலைமைத் திருத்துநரின் அறிக்கை. பெரும்பாலோர் வினாவை இறக்கி, வழிகாட்டியை மேலோட்டமாகப் பார்த்து, நேரே கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். பொதியின் மதிப்பில் பாதிக்கு மேல் மூன்றாவது சரக்கில்தான் இருக்கிறது. அதைத் தொடாதவருக்கு இந்தப் பொதியும் கடையில் விற்கும் வினா வங்கியும் ஒன்றுதான்.

முதலில் வழிகாட்டி. மொத்தம் 6 மதிப்பெண், மூன்று வரிசை. தீசிஸுக்கு (விடை நிறுவப்போகும் மையக் கூற்று) 1, ஆதாரமும் விளக்கமும் சேர்த்து 4, முதிர்ச்சிக்கு 1. 2019 வரை இது 0 முதல் 9 வரையிலான ஒற்றை அளவுகோலாக இருந்தது. விடை முழுவதையும் படித்து மொத்தமாக ஒரு மதிப்பெண். ஆகவே பழைய ஆண்டுகளின் மாதிரி விடைகளை எடுப்பவர் அங்கே காணும் 7-ஐயோ 5-ஐயோ மூன்றில் இரண்டு என்று கணக்குப் போட்டு மாற்ற முயல வேண்டாம். மதிப்பெண்ணை விட்டுவிட்டுக் குறிப்பை மட்டும் படிக்கலாம். 2020 தனிக் கதை. பெருந்தொற்றால் தேர்வே 45 நிமிட இணையத் தேர்வாகச் சுருங்கியபோது மிச்சம் வைத்தது இந்த ஒரு கேள்வியை மட்டும்தான்.

தீசிஸ் வரிசையில் தவறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: வினாவில் இருப்பதையே திருப்பிப் போட்டு எழுதுவது. “ஆசிரியர் பல்வேறு சொல்லுத்திகளைக் கையாண்டு தம் கருத்தை வலியுறுத்துகிறார்” என்ற வாக்கியம் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். அதனாலேயே எந்தக் கட்டுரைக்கும் அது விடையாகாது. தீசிஸ் முதல் பத்தியில்தான் இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. விடையின் எந்த இடத்தில் இருந்தாலும் எண்ணிக்கொள்வார்கள். இது தெரியாமல் முதல் வாக்கியத்தை எழுதியெழுதி அடிப்பதில் பத்து நிமிடம் போக்குகிறவர்கள் நிறைய.

நடு வரிசையின் 4 மதிப்பெண்ணைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். பொத்தாம்பொதுவான ஆதாரமும் சுருக்கமும் இருந்தால் 1. சில குறிப்பான மேற்கோள்கள் இருந்து, அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் விளக்கம் இருந்து, வாதம் கோவையாக ஓடாவிட்டால் 2. எல்லாக் கூற்றுக்கும் மேற்கோள் இருந்து, குறைந்தது ஓர் உத்தியாவது எழுதியவரின் நோக்கத்துக்கு எப்படித் துணைபோகிறது என்று காட்டியிருந்தால் 3. அந்த விளக்கம் விடை முழுக்க விடாமல் வந்து, ஒன்றுக்கு மேற்பட்ட உத்திகளுக்குக் காட்டியிருந்தால் 4. இலக்கணப் பிழைகள் பொருளையே மறைக்கும் அளவுக்குப் போனால் அந்த நான்காவது கிடைக்காது. 2-க்கும் 4-க்கும் நடுவே இருப்பது கூடுதல் மேற்கோள் அன்று. மேற்கோளுக்குப் பிறகு வரும் வாக்கியங்கள்தான்.

தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பழக்கம் உதவும், அதே பழக்கம் இடறியும் விடும். ‘பயின்று வந்துள்ள அணியைச் சுட்டி விளக்குக’ என்ற கேள்விக்கு அணி இலக்கணம், பாடலின் பொருள், அணிப்பொருத்தம் என்று மூன்று படியாக எழுதுவோம். பெயரோடு நிறுத்தாமல் பொருத்தத்துக்குப் போவது நல்ல பழக்கம்தான். ஆனால் அணிப்பொருத்தம் காட்டுவது அந்த அணி அங்கே இருக்கிறது என்பதை. இரண்டாம் கேள்வி கேட்பது அது கேட்பவரிடம் என்ன செய்கிறது என்பதை. ‘இங்கே சொல் திரும்ப வந்திருக்கிறது, ஆகவே இது இன்ன அணி’ என்று நிறுவி முடித்த இடத்தில்தான் அலசலே தொடங்க வேண்டும்.

ஒரு தாளை எடுத்துப் பார்த்தால் விளங்கும். 2011 ஆம் ஆண்டில் அலசத் தந்த பகுதி, அமெரிக்கச் சமூகச் சீர்திருத்தவாதி ஃப்ளாரன்ஸ் கெல்லி 1905இல் ஃபிலடெல்ஃபியாவில் பெண்கள் வாக்குரிமை அமைப்பின் மாநாட்டில் ஆற்றிய உரை. பொருள், குழந்தைத் தொழிலாளர். ‘நாம் உறங்கும்போது’ என்ற தொடர் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. சராசரி விடையில் இப்படி இருக்கும்:

“கெல்லி ‘நாம் உறங்கும்போது’ என்று மீண்டும் மீண்டும் சொல்கிறார். இது அவருடைய கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. கேட்பவர் மனத்தில் ஆழமாகப் பதிகிறது.”

தப்பு ஒன்றும் இல்லை. பயனும் இல்லை. இதைச் சோதிக்க ஒரு சுலப வழி: இரண்டாவது வாக்கியத்தை வெட்டி வேறு எந்தக் கட்டுரையைப் பற்றிய விடையிலாவது ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் ஒட்டிக்கொண்டால் அது விளக்கமே இல்லை. அதே ஆதாரத்தை வைத்துக்கொண்டு இப்படியும் எழுதலாம்:

“கூட்டத்துக்கு வந்த பெண்கள் அன்றிரவு வீடு திரும்பிப் படுக்கத்தான் போகிறார்கள். அதே இரவில் சிறுமிகள் நூற்பாலையில் நிற்பார்கள் என்று சொல்லி, கேட்பவரின் படுக்கையையும் தறியையும் கெல்லி ஒரே வாக்கியத்தில் அருகருகே வைத்துவிடுகிறார். முதல்முறை அந்தத் தொடர் வாக்கியத்தின் தொடக்கத்தில் வருகிறது. அங்கே அது நேரத்தைச் சொல்லும் செய்தி. மாநிலம் மாநிலமாகச் சட்டங்களைச் சொல்லி, கதிர்ச் சுருளை எட்டும் உயரம் மட்டுமே வளர்ந்த ஆறேழு வயதுச் சிறுமி ஜார்ஜியாவில் பதினொரு மணி நேரம் வேலை செய்யலாம் என்ற இடத்துக்கு வந்தபின், அதே தொடர் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கிறது. இப்போது அது குற்றச்சாட்டு. உறக்கம் என்றால் ஓய்வு என்றிருந்தது, பாராமுகம் என்றாகிவிடுகிறது.”

இதில் அணியின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்பதைக் கவனிக்கலாம். தொடர் எங்கே வருகிறது, அதற்கு முன்னால் என்ன வந்தது, கேட்பவர் யார், அன்றிரவு அவர் என்ன செய்யப்போகிறார் என்ற நான்கு விவரங்களே வேலையை முடித்துவிட்டன. பெயர் தெரிந்தால் எழுதலாம், குற்றமில்லை. தெரியாவிட்டால் ‘திரும்ப வரும் தொடர்’ என்று எழுதினாலும் மதிப்பெண் குறையாது. சொல்லணிகளின் பட்டியலை உருப்போடும் மாணவருக்கு இந்தச் செய்தியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ‘சில்வா ரெட்டோரிக்கே’ போன்ற அணி அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, மிக நல்லவை. ஆனால் முதல் இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே மேல். போனவர் கட்டுரையைப் படிக்கமாட்டார், கட்டுரைக்குள் கிரேக்கப் பெயர்களைத் தேடுவார்.

‘எத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ்’ (பேசுபவரின் நம்பகம், உணர்ச்சி, தர்க்கம்) என்று மூன்று பத்தி பிரித்து எழுதுவதற்கும் இதே நோய்தான். கெல்லியின் உரையில் ஆறு வயதுச் சிறுமியைப் பற்றிய வாக்கியம் சட்டத் தகவலா, உணர்ச்சியா? இரண்டும்தான். மூன்று பெட்டியில் பிரிக்கப் போனால் அந்த வாக்கியத்தை ஏதோ ஒரு பெட்டியில் திணித்து, மற்றதைச் சொல்லாமல் விட வேண்டிவரும். பெட்டிகளுக்குப் பதில் கட்டுரை ஓடும் வரிசையிலேயே போவது பாதுகாப்பு. முதலில் என்ன செய்கிறார், அடுத்து எங்கே திரும்புகிறார், முடிவில் எதைக் கேட்கிறார். கெல்லிக்கு அந்த ஓட்டம் மூன்று சொல்லில் அடங்கும்: உறங்குகிறோம், வாங்குகிறோம், வாக்கில்லை. சிறுமிகள் நெய்யும் துணி ‘நாம்’ வாங்கத்தான் என்று முதலிலேயே விதை போடுகிறார். பின்னால் நம் காலணி, நம் காலுறை, நம் தொப்பியின் அலங்காரம் என்று அது வளர்கிறது. நடுவே, ஜார்ஜியாவின் தாய்மார்களுக்கும் ஆசிரியைகளுக்கும் வாக்கு இருந்திருந்தால் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் ஆலை வேலையை நிறுத்த அந்த மாநிலச் சட்டமன்றம் தொடர்ந்து மறுத்திருக்குமா என்ற கேள்வி. வாக்குரிமைக் கூட்டத்தில் குழந்தைகளைப் பற்றி ஏன் பேசினார் என்பது அங்கே அவிழ்கிறது. வழிகாட்டி வாதத்தின் கோவை என்று கேட்பது இதைத்தான். ஓட்டத்தைச் சொல்லிக்கொண்டு போகும்போது சுருக்கமாக நழுவிவிடும் அபாயம் உண்டு. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்திலும் ‘சொல்கிறார்’ என்ற வினைக்குப் பதிலாக ‘ஒப்பிடுகிறார்’, ‘தள்ளிப்போடுகிறார்’, ‘விட்டுக்கொடுக்கிறார்’, ‘கூட்டாளி ஆக்குகிறார்’ என்ற மாதிரி வினை விழுந்தால் பெரும்பாலும் நழுவாது.

பாடத்திட்ட ஆவணமும் இலவசம்தான். ஒரு பகுதியின் சூழல் என்று அதில் வகுத்திருப்பவை: எழுதத் தூண்டிய காரணம், கேட்போர், எழுதியவர், நோக்கம், பின்னணி, செய்தி. புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் போலத் தோன்றும். நன்னூல் பாயிரத்துக்குச் சொல்லும் பதினொன்றில் ஆக்கியோன், நுதலிய பொருள், கேட்போர், பயன், காலம், களம், காரணம் ஆகியவை ஏறக்குறைய இதே வேலையைச் செய்கின்றன. அந்த ஏழையும் ஓரத்தில் எழுதி நிரப்பிப் பழகியவருக்கு ஆங்கிலப் பட்டியல் தானாக வந்துவிடும். இதில் மாணவர்கள் அதிகம் கோட்டைவிடுவது கேட்போரில். ‘வாசகர்கள்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த வாசகர்? ஏற்கெனவே உடன்படுகிறவரா, எதிர்க்கிறவரா, அக்கறையே இல்லாதவரா? இதற்குப் பெரும்பாலான விடை, வினாவின் மேலே உள்ள அறிமுக வரிகளிலேயே இருக்கும்: யார், எந்த ஆண்டு, எங்கே, யார் முன்னால். அந்த நாலு வரியைத் தாண்டிக் குதித்து நேரே பகுதிக்குப் போகிறவர் இலவசமாகக் கொடுத்ததை வேண்டாம் என்கிறார்.

முதிர்ச்சிக்கான அந்த ஒற்றை மதிப்பெண்ணுக்கு ஏங்கி அலங்கார நடையில் எழுதத் தொடங்குவது இன்னொரு விபத்து. நடை சீராக உயிரோடு இருந்தாலும் அது கிடைக்கலாம் என்று வழிகாட்டியில் இருப்பது உண்மைதான். ஆனால் சுலபமான வழி, பகுதிக்குள் இருக்கும் இழுபறியை விளக்குவது. இதற்குப் பொதியிலேயே சிறந்த தாள் 2019. காந்தி 1930 மார்ச்சில் வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதம். சட்டத்தை மீறப்போகிறேன் என்று நாள் குறித்து அறிவிக்கிறார். இது மிரட்டல் இல்லை என்றும் சொல்கிறார். எதிராளியை நண்பர் என்கிறார். கடிதத்தை ஓர் ஆங்கிலேய இளைஞரின் கையில் கொடுத்தனுப்புகிறார். ‘பணிவான தொனி’ என்று ஒரு விடை எழுதும். ‘உறுதியான தொனி’ என்று இன்னொன்று எழுதும். இரண்டும் ஒரே கடிதத்தில் எப்படிச் சேர்ந்திருக்கின்றன, பணிவே எப்படி அழுத்தமாக மாறுகிறது என்று கேட்கும் விடைக்குத்தான் ஆறாவது மதிப்பெண். நண்பர் என்று அழைத்து, முன்கூட்டியே சொல்லி, மாற்று வழியும் காட்டியவரை ஒடுக்கினால் ஒடுக்கியவர்தான் ஊரார் முன் தாழ்ந்துபோவார். கடிதத்தின் பணிவு வைஸ்ராயைக் கட்டிப்போடும் கயிறும்கூட. கடிதம் ஒருவருக்கு எழுதியதே ஆனாலும் படிக்கப்போவது ஒருவர் மட்டும் இல்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டால் மூன்று நான்கு வாக்கியத்தில் அந்த மதிப்பெண்ணை எட்டலாம். கடைசி வரியில் ஒட்டவைத்த ஒரு ‘முரண்’ என்ற சொல்லுக்கு அது கிடைக்காது.

இனி அந்த மூன்று மாதிரி விடைகள். படிக்கும் முறை முக்கியம். குறிப்பு இருக்கும் பக்கங்களைத் தனியே எடுத்து மறைத்துவைக்கவும். முதலில் வினாவையும் பகுதியையும் படித்து, எழுதாமல், ஓரத்தில் ஓட்டத்தை மட்டும் மூன்று நான்கு வினைச்சொற்களாகக் குறித்துக்கொள்ளவும். பிறகு மூன்று விடைகளையும் முன்பின்னாக மாற்றிப் படித்து, வழிகாட்டியின் மூன்று வரிசைக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் காரணம் எழுதவும். அதன்பின் குறிப்பைத் திறக்கலாம். தன் மதிப்பெண் பொருந்துகிறதா என்பதைவிடத் தன் காரணம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நடு வரிசையில் 4 போட்டவர் குறிப்பில் 2 இருப்பதைக் கண்டால், விளக்கம் என்று தான் நம்பியது சுருக்கம் என்று அப்போதுதான் உறைக்கும். ஐந்து ஆண்டு, பதினைந்து விடை இப்படிப் போனால் கண் பழகிவிடும்.

அடுத்த படி இன்னும் பலன் தரும். நடுத்தர விடையில் ஒரு பத்தியை எடுத்து, கூற்றையும் மேற்கோளையும் அப்படியே வைத்துக்கொண்டு, விளக்க வாக்கியங்களை மட்டும் திருத்தி எழுதவும். மேற்கோள் மூன்று முதல் ஆறு சொல், அதன் பின்னால் விளக்கம் குறைந்தது இரண்டு மூன்று வாக்கியம் என்ற அளவு வைத்துக்கொண்டால் கை கட்டுப்படும். பத்திக்கு 12 நிமிடம் போதும். முழுக் கட்டுரை எழுதும் முன் இதே வேலையைப் பத்துத் தடவை செய்தவரும், நேரே பத்துக் கட்டுரை எழுதிக் குவித்தவரும் பக்கத்தில் உட்கார்ந்தால் முன்னவர் விடைதான் கனக்கும். பின்னவர் அதே தவற்றைப் பத்துத் தடவை பயிற்சி செய்திருப்பார்.

தலைமைத் திருத்துநரின் அறிக்கையை முழுக்கப் படிக்கத் தேவையில்லை. இரண்டாம் கேள்விக்கான பகுதியில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒருபுறமும் அதையே சரியாகச் செய்த விடையின் வரி மறுபுறமுமாக ஓர் அட்டவணை இருக்கும். அதை மட்டும் அச்செடுத்துக்கொண்டால் போதும். ஆசிரியர்களுக்கான அறிவுரைப் பகுதி வீட்டில் தனியாகப் படிக்கிறவருக்கு அவ்வளவாகப் பயன்படாது.

இப்போது குறைகள். பெரிய குறை, பகுதிகளின் வகை. தாட்சர் ரேகனுக்குச் சொன்ன இரங்கல் உரை, ஆல்பிரைட்டின் பட்டமளிப்பு உரை, ரோசா பார்க்ஸ் சிலைத் திறப்பில் ஒபாமா, மிஷேல் ஒபாமாவின் வெள்ளை மாளிகை உரை, ரேஷ்மா சௌஜானியின் பட்டமளிப்பு உரை என்று மேடைப் பேச்சுகளே நிரம்பி வழிகின்றன. பட்டமளிப்பு உரையில் கேட்போர் கண்ணெதிரே இருப்பார்கள், வாழ்த்தும் ஊக்கமும் ஏற்கெனவே எதிர்பார்த்தவை. நாளிதழ்க் கட்டுரை அப்படியா? யார் படிக்கிறார் என்று தெரியாது, பாதியில் பக்கத்தைப் புரட்டிவிடுவார், எதிர்வாதத்தைத் தானே எழுப்பித் தானே பதில் சொல்ல வேண்டும், புள்ளிவிவரமும் நிபுணர் பெயரும் அதிகம். பேச்சில் பழகிய கண் கட்டுரையில் தொனியையும் சொல் திரும்ப வருவதையும் மட்டும் தேடும். ஆதாரங்களின் வரிசையையும் எதிர்வாதத்துக்கு இடம் கொடுத்த விதத்தையும் பார்க்காமல் விட்டுவிடும். பொதியில் கட்டுரை என்று சொல்லத்தக்கவை சிலதான். 2015இல் வந்த, அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸின் கட்டுரை அவற்றில் நல்லது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பத்தாம் ஆண்டு நினைவை ஒட்டி ஒரு சமயத் தொண்டு அமைப்பின் இதழில் எழுதியது. அகிம்சையை ஏற்கெனவே மதிக்கும் வாசகரிடம், அது அறம் மட்டுமல்ல, வெல்லும் வழியும்கூட என்று காட்ட வேண்டிய கட்டாயம் அதில் தெரியும்.

இந்தப் பள்ளத்தை நிரப்பக் காலேஜ் போர்டின் இன்னொரு பழைய சரக்கே கைகொடுக்கிறது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 2016 முதல் 2021 வரை இருந்த கட்டுரைத் தாள். 50 நிமிடம், பெரும்பாலும் இதழ்களில் வந்த வாதக் கட்டுரைகள், ‘நீ உடன்படுகிறாயா என்று எழுதாதே, அவர் எப்படி வாதிடுகிறார் என்று எழுது’ என்று வினாவிலேயே எச்சரிக்கை. வாசிப்பு, அலசல், எழுத்து என மூன்றுக்குத் தனித்தனி மதிப்பெண். தேர்வு பொதுவழக்கிலிருந்து போய்விட்டதால் யாரும் சீண்டுவதில்லை. அதன் பயிற்சித் தாள்கள் கிடைத்தால் விடக் கூடாது. அவற்றில் பால் போகார்டின் கட்டுரை ஒன்று உண்டு. ஒளி மாசுக்கு எதிராக, இருளைக் காப்பாற்றச் சொல்லி லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழில் 2012 டிசம்பரில் வந்தது. கட்டுரை அலசக் கற்க இதைவிடத் தோதான ஒன்றைத் தேடிப்பிடிப்பது கஷ்டம். ஏரிக்கரைக் குடிலில் தன் கையே தெரியாத இருட்டில் கழித்த சிறுவயது நினைவோடு தொடங்குகிறார். இருட்டு என்றாலே பயம் என்று வளர்ந்த வாசகருக்கு, புள்ளிவிவரம் எதுவும் வருமுன் இருட்டை வியப்பாகக் காட்டிவிடுகிறார். அதன்பின்தான் அமெரிக்காவில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் எட்டுக்குப் பால்வீதி தெரியும் அளவு இருண்ட வானம் வாய்க்காது என்ற எண். எண் முதலில் வந்திருந்தால் ‘போகட்டுமே’ என்று தோன்றியிருக்கும். நினைவு முன்னால் வந்ததால் அது இழப்பாகத் தெரிகிறது. பிறகு உடல்நலம், விலங்குகள் என்று கவலையை ஏற்றிவிட்டு, முடிவில் பாரிசுக்கு வருகிறார். ஒளி நகரம் என்று பேர் வாங்கிய ஊரே பின்னிரவில் விளக்கை அணைக்கிறது. மற்ற ஊர்களுக்குச் சாக்கு ஏது என்று அவர் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாத உதாரணமாகப் பார்த்துத் தேர்ந்திருக்கிறார். வேறு எந்த நகரத்தைச் சொல்லியிருந்தாலும் இந்த வேலை நடந்திருக்காது என்று மாணவர் எழுதினால் அது விளக்கம். ‘உதாரணம் காட்டி நிரூபிக்கிறார்’ என்று எழுதினால் பழைய கதைதான்.

இப்படி ஒவ்வோர் ஆதாரத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை எடுத்துவிட்டு வேறொன்றை, அல்லது இதையே வேறோர் இடத்தில் வைத்திருந்தால் எது கெட்டிருக்கும்? பொதியில் எங்கும் இந்தக் கேள்வி இப்படி இல்லை. ஆனால் உயர் மதிப்பெண் விடைகளின் குறிப்புகளைத் தொடர்ந்து படித்தால், திருத்துநர் பாராட்டும் வரிகள் பெரும்பாலும் இதற்குப் பதிலாகவே இருப்பது தெரியும். அன்றாட நாளிதழ்க் கட்டுரைகளோடு பழக விரும்புகிறவர் 600 முதல் 800 சொல்லுக்குள் ஒன்றை வெட்டி எடுத்து, மேலே அறிமுகம் நாலு வரி தானே எழுதி, அதே 6 மதிப்பெண் வழிகாட்டியைப் பொருத்திக்கொள்ளலாம். தனக்குக் கோபம் வரும் கட்டுரையை மட்டும் முதலில் எடுக்க வேண்டாம். அலசல் மறுப்பாக மாறிவிடும். வாதம் எவ்வளவு ஓட்டையாக இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு நிமிரும்போது உத்தி ஒன்றுகூடப் பேசியிருக்காது.

சின்னக் குறைகளும் உண்டு. பழைய மாதிரி விடைகள் கையெழுத்துப் பிரதிகளின் ஸ்கேன். சிலவற்றை வாசிக்கவே பொறுமை வேண்டும். அமெரிக்க வரலாறு தெரியாதவருக்குச் சில பகுதிகளில் கால் ஊன்ற இடம் கிடைக்காது. 1962இல் எஃகு விலையேற்றத்தைக் கண்டித்துக் கென்னடி பேசியதைத் தரும் 2012 தாள் அப்படிப்பட்டது. அதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். தொடங்குகிறவர் கெல்லி, சாவேஸ், காந்தி என்ற வரிசையில் போனால் தடுமாற்றம் குறையும். மூன்றும் பழைய அளவுகோல் காலத்தவை என்பதால் வினாவும் பகுதியும் அங்கிருந்து, வழிகாட்டி இன்றைய 6 மதிப்பெண்ணுடையது என்று கலந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரக் கணக்கு. மூன்று கட்டுரைக்கும் சேர்த்து 2 மணி 15 நிமிடம். அதில் 15 நிமிடம் வாசிக்க, ஒவ்வொரு கட்டுரைக்கும் 40 நிமிடம் என்பது அவர்கள் சொல்லும் பங்கீடு. அந்த 40இல் படித்துக் குறிக்க 9, ஓட்டம் பிரித்து தீசிஸ் வைக்க 4, எழுத 24, திரும்பப் பார்க்க 3 என்று வைத்தால் மூச்சு முட்டாது. முன்னுரை மூன்று வாக்கியத்தைத் தாண்ட வேண்டாம். முடிவுரைக்கு நேரம் இல்லாவிட்டால் விட்டுவிடலாம். பாதியில் நிற்கும் விளக்கத்தை முடிப்பதுதான் அந்த நிமிடத்துக்கு நல்ல செலவு. 2025 முதல் தேர்வு புளூபுக் செயலியில் கணினியில்தான் நடக்கிறது. ஆகவே முதல் சில வாரம் அச்செடுத்த தாளில் பென்சிலோடு பழகினாலும், பிறகு திரையில் படித்து, திரையிலேயே கோடிட்டு, தட்டச்சில் எழுதிப் பார்க்க வேண்டும். தட்டச்சில் வேகம் கூடும்போது மேற்கோளின் நீளமும் கூடவே கூடிவிடும்; ஆறு சொல் வரம்பை அங்கேதான் கண்டிப்பாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.